கிரேன் அண்ணாச்சியின் சிப்பி மேடு

குப்பை கொட்டிப் பெரிய மனிதரானவர்கள் இந்தத் தேசத்தில் நிறையப் பேர் உண்டு. ஆனால் கொட்டியது குப்பைதான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு, அதை ஊரே வந்து பார்த்து வியக்க வேண்டும் என்று எதிர்பார்த்த ஒரே மகான், எனக்குத் தெரிந்து, வண்டூர் கிரேன் அண்ணாச்சிதான்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து அவருடைய அப்பா காலத்தில் கப்பலேறி அந்தமானுக்கு வந்த கத்தோலிக்கக் குடும்பம். அந்தப் பெயரைப் பாதிரியாரும் பென்ஷன் ஆபீசும் தவிர யாரும் உபயோகித்ததாகத் தெரியவில்லை. போர்ட் பிளேர் துறைமுகத்தில் வேலைக்காலம் முழுக்கக் கிரேன் ஓட்டினார். ரிட்டையர் ஆனபோது கிரேனை அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர் அதன் இரும்பை மட்டும் விட்டுவிட்டு வந்தார்.

துறைமுகத்தில் சரக்கைத் தூக்குவதற்கு 'ஹாபீஸ்' என்பார்கள். இறக்குவதற்கு 'ஆரியா'. நிறுத்துவதற்கு, எங்கள் தீவு இந்தியில், 'ரோக்கோ'. ஆள்காட்டி விரலை வானத்தைப் பார்த்துச் சுழற்றினால் ஹாபீஸ், தரையைப் பார்த்துச் சுழற்றினால் ஆரியா, இரண்டு கையையும் அகல விரித்தால் ரோக்கோ. மனித வாழ்க்கைக்கு இந்த மூன்று சொற்களே தாராளம் என்பது அண்ணாச்சியின் சித்தாந்தம். அவருடைய மனைவி ரெஜினாக்கா சோறு பரிமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி தட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டார், விரல் மட்டும் சுழலும்.

"ஆரியா... ஆரியா... கொஞ்சம் லெஃப்ட்... ரோக்கோ!"

"கொழம்பு ஊத்துறதுக்கு லெஃப்ட் என்ன, ரைட் என்ன? தட்டுல விழுந்தாப் பத்தாதா?" என்பார் ரெஜினாக்கா. சொல்லிக்கொண்டே கரண்டியை லெஃப்டில் நகர்த்துவார்.

நானும் என் கணவரும் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அன்று, எங்கள் ஃபிரிட்ஜை வேனிலிருந்து இறக்கும் பொறுப்பை அவராகவே எடுத்துக்கொண்டார். நான்கு பேர் சேர்ந்து சட்டென்று இறக்கியிருக்க வேண்டிய ஃபிரிட்ஜ், அண்ணாச்சியின் தலைமையில் மத்தியானம் வரை இறங்கியது. ஆனால் ஒரு கீறல் இல்லை. ஊரில் சாவு விழுந்தால் கல்லறைத் தோட்டத்தில் முதல் ஆளாக நிற்பவரும் அவர்தான். கயிற்றைப் பிடித்திருப்பவர்களுக்கு எதிரே நின்றுகொண்டு, "மெல்ல ஆரியா... தலைமாட்டுப் பக்கம் ரோக்கோ... கால்மாட்டுப் பக்கம் ஆரியா..." என்று ஆரம்பித்தால், இறந்தவர் உயிரோடு இருந்தபோது கண்டிராத மரியாதையுடன் மட்டமாகப் போய் அமர்வார். வண்டூரில் அண்ணாச்சி ஆரியா சொல்லாமல் யாரும் மண்ணுக்குள் போனதில்லை.

இப்படி நிம்மதியாக ஊரைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தவரைக் கெடுத்தது படித்தவர்கள்.

ரிட்டையர் ஆன பிறகு ஒரு பழைய மாருதி வேன் வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் மெயின்லேண்டிலிருந்து தொல்லியல் ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் வந்து, காட்டோரத்தில் இருக்கும் ஒரு பழங்கால மேட்டைப் பார்க்க வேண்டும் என்று வேனைப் பிடித்தார்கள். காலையில் போனவர் சாயங்காலம் திரும்பி வந்து, வேனை நிறுத்தக்கூடத் தோன்றாமல், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வேலியில் வந்து நின்றார்.

"டீச்சரே! குப்பை டீச்சரே, குப்பை!"

எங்கள் வாசலைத்தான் சொல்கிறார் என்று நினைத்து விளக்குமாற்றைத் தேடினேன்.

"அந்த மேடு! பூரா சிப்பி டீச்சரே. மட்டி ஓடு, நண்டு ஓடு, பன்னி எலும்பு, உடைஞ்ச பானை ஓடு. அந்தக் காலத்து ஆளுக தின்னுட்டுத் தூக்கிப் போட்டது. ரெண்டாயிரம் வருசக் குப்பை! அதைப் போயி இவனுக பிளேன் புடிச்சு வந்து, மொழங்கால் போட்டு, பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால தடவுதானுக. நம்ம ரெஜினா ஒரு நாள் குப்பையை வாசல்ல விட்டா பஞ்சாயத்துல நோட்டீஸ் குடுக்கானுக!"

கூட வந்திருந்த மதுரைப் பெண் ஒருத்தி, படிக்கிற பெண், அவருக்குத் தமிழில் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறாள். இங்கே மனிதர்கள் இருந்தார்கள். அடுப்பு மூட்டினார்கள். மட்டியை அவித்துத் தின்றார்கள். ஓட்டைப் பக்கத்திலேயே போட்டார்கள். அது ஏற ஏற மேடானது. குடிசை போய்விட்டது, ஆட்களும் போய்விட்டார்கள், அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு இன்றைக்கு மிச்சமிருக்கிற சாட்சி இந்த மேடுதான். இதைத்தான் அவள் சொன்னாளாம். இதை அண்ணாச்சி என்னிடம் சொன்னபோது மேட்டுக்கு வயது இரண்டாயிரம். மறுநாள் மீன் மார்க்கெட்டில் சொன்னபோது பத்தாயிரம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் சொன்னபோது லட்சத்தைத் தாண்டிவிட்டது. பாதிரியார் குறுக்கே வந்ததால் அதற்குமேல் ஏறவில்லை.

அடுத்த வாரம் அண்ணாச்சி தன் நிலத்தின் கீழ்க்கோடியில் முதல் கூடைச் சிப்பியைக் கொட்டினார்.

அந்த நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுனாமியில் எங்கள் பக்கத்தில் தரையே கீழே இறங்கிவிட்டது. அலை வந்து போனதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தரை இறங்கிவிட்டதால் கடல் உள்ளே வந்து, வந்த இடத்தில் தங்கிவிட்டது. அண்ணாச்சியின் நிலத்தில் பாதி அப்படிப் போயிற்று. வீடும் தென்னையும் இருந்த கீழ்ப் பாதியில் இப்போது சேறும் கண்டல் செடியும்தான். ஏற்றத்தில் தண்ணீர் வரும், வற்றத்தில் போகும். மேல்கோடியில், ரோட்டை ஒட்டி, புது வீடு கட்டிக்கொண்டார்கள். அந்தப் புது வீட்டின் பின்சுவரில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. கடலோரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற வீடு அது ஒன்றுதான். ரெஜினாக்காவின் ஏற்பாடு. "அந்தப் பக்கம் நான் பாக்கதில்ல டீச்சர்" என்பார். அதற்குமேல் நானும் கேட்டதில்லை. கடல் புகுந்ததிலிருந்து அவர் அந்தக் கீழ்க்கோடிக்கு ஒருநாளும் இறங்கியதில்லை.

அங்கேதான், சேற்றுக்கு நடுவில், அண்ணாச்சி தன் மேட்டைத் தொடங்கினார். அதற்கு ஒரு கடுமையான சட்டமும் வைத்தார். தின்ற சிப்பிதான் சேரும். கடற்கரையில் பொறுக்கியது செல்லாது. அதுவும் எங்கள் தெருவில் உள்ளவர்கள் தின்றதாக இருக்க வேண்டும். ஒரு ரிசார்ட்காரர் இரக்கப்பட்டு, தன் ஓட்டலில் சேர்ந்த சிப்பி ஓடுகளை லாரியிலேயே அனுப்புவதாகச் சொன்னார். அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்து ரோக்கோ காட்டிவிட்டார்.

"யாரு தின்னான்னே தெரியாத சிப்பி எனக்கு எதுக்கு? நாளைக்கு ஆராய்ச்சிக்கு வர்றவன் கொழம்பிற மாட்டானா?"

வரப்போகிற ஆராய்ச்சிக்காரனுக்காக எங்கள் தெருவே மட்டி தின்ன ஆரம்பித்தது. எதிர்வீட்டு நாயுடு நண்டு ஓட்டைக் கொடுத்தார். மூலைவீட்டு வங்காளிக் குடும்பம் நத்தை ஓட்டைக் கொடுத்தது. யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சி சாப்பாட்டு நேரத்தில் வாசலில் பக்கெட்டோடு நிற்பார். மனிதன் கடைசி வாயை விழுங்குவதற்குள் "ஆச்சா?" என்பார். எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தார்.

"டீச்சரே, ஒங்க வீட்ல என்ன மிஞ்சும்?"

நான் தஞ்சாவூர்ப் பக்கம், சைவம். "எங்க வீட்டுல என்ன அண்ணாச்சி, வாழைக்காய்த் தோல், முருங்கைக்காய் சக்கை..."

"மக்கிப் போவும். வேற?"

"கறிவேப்பிலை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க முடியாது. டாக்டர்கள் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அப்படித்தான் பார்ப்பார்கள்.

"அடப் பாவமே. ரெண்டாயிரம் வருசம் கழிச்சு ஒருத்தன் வந்து தோண்டுதான்னு வைங்க. எங்க வீட்ல மட்டி ஓடு கெடைக்கும். நாயுடு வீட்ல நண்டு ஓடு கெடைக்கும். ஒங்க வீட்ல ஒண்ணுமே கெடைக்காது. 'இந்த எடத்துல மனுசனே குடியிருக்கல'ன்னு எழுதிட்டுப் போயிருவான் டீச்சரே."

எம்.எஸ்சி., பி.எட். படித்து, கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து, இந்தத் தீவின் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்த என்னைச் சரித்திரத்திலிருந்து ஒரே வரியில் அழித்துவிட்டுப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி என் கணவரிடம் சொல்லிப் பொருமினேன். "அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கே" என்றார் என் கணவர். அவருக்கு மறுநாள் காப்பியில் சர்க்கரை போடவில்லை.

மேடு வளர்ந்தது. அதைவிட வேகமாக நாற்றம் வளர்ந்தது. பழங்காலத்து மனிதர்கள் நாற்றத்தைப் பற்றி எந்தக் குறிப்பும் விட்டுச் செல்லாததால் அண்ணாச்சியும் அதைப் பொருட்படுத்தவில்லை. காற்று கடலிலிருந்து வீசினால் எங்கள் வீட்டில் சாம்பாரும் மட்டி வாசனை அடித்தது. ஊர் நாய்களெல்லாம் அங்கே குடிபெயர்ந்தன. இப்படிச் சிப்பி ஓட்டைக் குவித்து வைத்தால் அலுவலகங்கள் சும்மா விடுமா? காட்டிலாகாவிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பர்மிட் ஹை க்யா?"

"தின்னதுக்கா பர்மிட்?" என்றார் அண்ணாச்சி. "அரே சாப், கானே கா பர்மிட் கஹான் மில்தா ஹை?"

வந்தவர் ஒவ்வொரு சிப்பியாக எடுத்துப் பார்த்தார். எல்லாமே வேகவைத்தது, மிளகாய்ப்பொடி பட்டது. தடைசெய்யப்பட்ட சங்கு ஏதாவது இருக்கும் என்று தேடித் தேடி, கடைசியில் கையில் மட்டி வாடையோடு திரும்பிப் போனார்.

அவர் மறுபடி வந்தது முதலைக்காக. ஒரு நாள் ஏற்றத்தில் நீந்தி வந்த முதலை ஒன்று மேட்டின் மேல் ஏறிப் படுத்து வெயில் காய்ந்துவிட்டுப் போயிற்று. காட்டிலாகா 'முதலை வரும், ஜாக்கிரதை' என்று படத்தோடு ஒரு பலகையை நட்டது. ஊர் நடுங்கியது. அண்ணாச்சிக்கோ பெருமை தாங்கவில்லை. பலகையைத் தினமும் துணியால் துடைத்து வைத்தார். சர்க்கார் செலவில் தன் மேட்டுக்கு போர்டு வைத்தாயிற்று என்பது அவர் எண்ணம்.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது அந்த மதுரைப் பெண். திரும்ப ஒரு வேலையாக வந்தவள் மேட்டைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது லேண்ட் ஆர்ட்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். நிலத்தையே பொருளாக வைத்துச் செய்கிற கலையாம். வெளிநாட்டில் இதற்கென்றே கலைஞர்கள் இருக்கிறார்களாம். அவள் அந்தப் பக்கம் போனாள், இந்தப் பக்கம் அண்ணாச்சி வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டார். கலைஞர்கள் மடித்துக் கட்டமாட்டார்கள் என்று யார் சொன்னார்களோ. அன்றிலிருந்து பக்கெட் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், "லேண்ட் ஆர்ட்டுக்கு வந்திருக்கேன்" என்றுதான் சொல்வார். நாயுடு வீட்டில் பால்காரருக்குச் சொல்கிற அதே குரலில், "ஆர்ட்டுக்காரர் வந்திருக்கார், அந்த நண்டு ஓட்டை எடு" என்பார்கள்.

இதையெல்லாம் ரெஜினாக்கா பொறுத்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய ஒரே மகள் தூத்துக்குடியில் இருக்கிறாள். "தீவுல ரெண்டு பேரும் தனியா என்ன செய்யுதிய? இங்க வந்துருங்க" என்று போனில் அவள் கூப்பிடாத வாரம் கிடையாது. அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் "பாப்போம்" என்பார். அந்த வருஷ மழைக்காலத்தில் மேடு உச்சகட்டமாக நாறியது. வீட்டுக்கு வந்த பாதிரியார், ஜெபத்தைப் பாதியில் சுருக்கிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு ரெஜினாக்கா வாசலுக்கு வந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"இவரோட இத்தனை வருசம் குப்பை கொட்டிட்டேன் டீச்சர். இப்ப நெசமாவே கொட்டுதாரு. ஒண்ணு அந்த மேடு இருக்கணும், இல்ல நான் இருக்கணும். மேடு போவலைன்னா நான் அடுத்த கப்பல்ல மக வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

இந்த மாதிரி அவர் முன்பும் சொன்னதுண்டு. ஆனால் இந்தத் தடவை பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்திருந்தார். அண்ணாச்சி வெயிலில் கிடந்த அந்தப் பெட்டியைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். மேட்டை இழந்தால் மனிதர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியவில்லை. ரெஜினாக்காவை இழந்தால் என்ன ஆவார் என்று நன்றாகவே தெரிந்தது. அவருக்குத் தன் சட்டை எந்தக் கொடியில் காய்கிறது என்றுகூடத் தெரியாது.

ரெஜினாக்கா பஞ்சாயத்துப் பிரதானிடம் போய்ச் சொல்லிவிட்டார். பிரதான் வங்காளி, நல்ல மனிதர், எலெக்‌ஷன் பக்கத்தில் இருந்ததால் இன்னும் நல்லவராக இருந்தார். வீட்டுக்காரியே சொல்லும்போது அவருக்கென்ன? வற்றம் பார்த்து ஒரு காலையில் ஜேசிபி வந்து நின்றது.

தெருவே கூடிவிட்டது. நானும் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நின்றேன். மேடு ஒழிகிறது என்று மூக்குக்குச் சந்தோஷம். ஆனால் அண்ணாச்சியைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு, முதலைப் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ரெஜினாக்காவும் வந்திருந்தார். மேடு போவதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று, இத்தனை வருஷம் இறங்காத கீழ்க்கோடிக்கு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். வந்தவர் மேட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

ஜேசிபி டிரைவர் வேலைக்குப் புதுசு. வண்டி சேற்றில் இறங்கியதும் திணறினார். மண் அள்ளுகிற கொண்டியை லெஃப்டில் திருப்பினால் ரைட்டில் போயிற்று. தூக்கினால் இறங்கியது. முதல் தடவை காற்றை அள்ளினார். இரண்டாம் தடவை முதலைப் பலகையை அள்ளப் பார்த்தார். நான் அண்ணாச்சியின் கையைக் கவனித்தேன். கட்டிக்கொண்டிருந்த கையின் ஆள்காட்டி விரல் மட்டும் தானாகச் சுழன்றுகொண்டிருந்தது.

மூன்றாம் தடவை கொண்டி தடுமாறியபோது மனிதரால் தாங்க முடியவில்லை.

"அரே பாயி! ஐசே நஹி, இப்படியில்ல! யாருக்குமே தெரியாதா இந்த ஊர்ல? ஹட்டோ, ஹட்டோ! என்னைப் பாத்துச் செய்யி!"

நேராகப் போய் ஜேசிபிக்கு எதிரே நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். கையைத் தூக்கினார். உலகத்தில் எத்தனையோ கலைஞர்கள் தங்கள் படைப்பு அழிவதைப் பார்த்து அழுதிருப்பார்கள். அழிக்கிறவனுக்கு லெஃப்ட் ரைட் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கிரேன் அண்ணாச்சி ஒருவர்தான்.

"ஆரியா... ஆரியா... ரைட்... ரோக்கோ. இப்ப ஆரியா... இன்னும் ஆரியா..."

"இவருக்கு மூளை கொழம்பிருச்சு" என்றார் நாயுடு. ரெஜினாக்காவின் முகமும் மாறியது. ஜெயித்த முகமாக அது இல்லை. புருஷன் தன் கையாலேயே தன் ஆசையை இறக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கும்?

அண்ணாச்சி நிறுத்தவில்லை. "அவுர் ஆரியா... இன்னும்..." கொண்டி சிப்பியைத் தாண்டி, அடியில் இருந்த சேற்றுக்குள் இறங்கியது. எதிலோ இடித்தது. "ஹாபீஸ்!" என்றார். விரல் வானத்தைப் பார்த்துச் சுழன்றது.

கொண்டி மேலே வந்தது. சிப்பியும் சேறும் வழிந்து விழ, அதில் ஒரு சிமென்ட் பலகை சாய்ந்து கிடந்தது. தண்ணீர் வடிய வடிய, பலகையின் மூலையில் நீலமாக ஏதோ தெரிந்தது. உடைந்த பீங்கான் சாசரின் துண்டுகளைச் சிமென்டில் பதித்துச் செய்த ஒரு பூ.

"ரோக்கோ!"

கத்தியது அண்ணாச்சி இல்லை. ரெஜினாக்கா. இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, சேற்றில் முழங்கால் வரை இறங்கி நின்றார். இத்தனை வருஷம் சோறு போடும்போது கேட்டுக் கேட்டுப் பழகிய சொல். டிரைவர் பயந்துபோய் அப்படியே நிறுத்தினார். கொண்டி அந்தரத்தில் நின்றது.

"அது என் அடுப்புத் திட்டு" என்றார் ரெஜினாக்கா.

பழைய வீட்டின் சமையலறையில், கல்யாணத்துக்கு வந்த சாசர் ஒன்று உடைந்துபோக, ஈரச் சிமென்டில் அவர் தன் கையால் பதித்த பூ அது. அப்போதுதான் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்தார். மொட்டையாக நின்ற கிணற்று உறையைப் பார்த்தார். பலா மரத்தின் செத்த அடிக்கட்டையைப் பார்த்தார். தான் நிற்கிற இடம் எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இங்கதான்னு ஏன் சொல்லல?"

"நீதான் இந்தப் பக்கமே பாக்கமாட்டேன்னியே" என்றார் அண்ணாச்சி.

"குப்பையைக் கொண்டு என் அடுப்பு மேலயா கொட்டுனீய?" அழுதுகொண்டே திட்டினாரா, திட்டிக்கொண்டே அழுதாரா என்று சொல்ல முடியாது.

"அடுப்பு இருந்த எடத்துலதானட்டி தின்ன சிப்பி கெடக்கும்? அந்தப் புள்ள அப்படித்தான சொல்லிச்சு. ஆளுக போயிட்டாலும் அந்த மேடு கெடக்குமாம். இங்க ஒருத்தி சமைச்சா, நாங்க தின்னோம்னு யாருக்காவது தெரியாண்டாமா?"

நாள் முழுக்கப் பேசுகிற மனிதர். மேட்டின் வயதைப் பற்றி, முதலையைப் பற்றி, வெளிநாட்டுக் கலைஞர்களைப் பற்றியெல்லாம் ஊர் ஊராகப் பேசியவர், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நாயுடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மூக்கைப் பொத்துவது மாதிரி முகத்தை மூடிக்கொண்டேன்.

பிரதான் மெதுவாக, அண்ணி முறை வைத்துக் கேட்டார், "பாபி, ஆப்கா கம்ப்ளெயின்ட்...?"

"காய்கா கம்ப்ளெயின்ட்?" என்று சீறினார் ரெஜினாக்கா. "ஹமாரா கிச்சன் ஹை யே! எங்க அடுப்படி இது!" பிறகு புருஷனைப் பார்த்து, "என்ன மரம் மாதிரி நிக்கிய? மெல்ல எறக்கச் சொல்லுங்க. அவன் ஒடைச்சிரப் போறான்."

அண்ணாச்சி கையைத் தூக்கினார். விரல் சுழன்றது. ரெஜினாக்காதான் சொன்னார். "ஆரியா... ஆரியா... கொஞ்சம் லெஃப்ட்..." அடுப்புத் திட்டு மட்டமாக, ஒரு கீறல் இல்லாமல், பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு பெட்டி உள்ளே போய்விட்டது. கிறிஸ்துமசுக்கு மகள்தான் கப்பலேறி வந்தாள். புது வீட்டின் பின்சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்தார்கள். மேட்டின் நிர்வாகத்தை ரெஜினாக்கா எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்ட முதல் நாளே, சிப்பியைக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று சட்டம் போட்டார். நாற்றம் நின்றுவிட்டது. அண்ணாச்சி, காட்டிலாகா, பஞ்சாயத்து, பாதிரியார், பி.எட். படித்த நான், இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றாத யோசனை அது. ஜேசிபி விட்டுப்போன பள்ளத்தையும் தெருவே மட்டி தின்று அடைத்தது.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. காலமெல்லாம் கிரேன் ஓட்டி, ஃபிரிட்ஜையும் சவப்பெட்டியையும் கீறலில்லாமல் இறக்கிய மனிதர், சிப்பியோடு நிறுத்த வேண்டிய கொண்டியை ஏன் சேற்றுக்குள் விட்டார்? அதுவும் மிகச் சரியாக அந்த இடத்தில்? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கை தப்பிருச்சு டீச்சரே" என்றார். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

இப்போது எங்களுக்கு மாற்றலாகித் திக்லிபூரில் இருக்கிறோம். தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. இங்கே பக்கத்து வீட்டில் ஒரு அமைதியான குடும்பம். பக்கெட்டோடு யாரும் வருவதில்லை, சாம்பார் சாம்பாராகவே மணக்கிறது. எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

போன வாரம் எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி உடைந்துவிட்டது. என் மாமியார் தஞ்சாவூரிலிருந்து கொடுத்தனுப்பிய கெட்டிப் பீங்கான். உடையவே உடையாத ஜாதி. ஒரு தடவை போட்டும் உடையாமல், மறுபடி போட வேண்டியிருந்தது. கை தப்பிவிட்டது என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். துண்டுகளைக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒரு துணிப்பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு போர்ட் பிளேர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து வண்டூருக்கு இன்னொரு பஸ். பையில் என்ன என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். லேண்ட் ஆர்ட் என்றேன்.

பீங்கான் மக்காது. ரெண்டாயிரம் வருஷம் கழித்து யாரோ ஒருவர் பிரஷ்ஷோடு வந்து அந்த மேட்டைத் தடவும்போது, அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் நானும் இருந்தேன் என்று தெரிய வேண்டும்.